காது ரெண்டும் பிறக்கும்போதே இருந்துச்சுல்ல?

எங்கள் வீட்டுப் பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில், இரண்டு நோட்டுகள் கிடக்கின்றன. ஒன்று நான் எழுதுகிற வரவு செலவு நோட்டு. இன்னொன்று, 2006-ல் எங்கள் கல்யாணத்தன்று மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து எங்கள் சின்னையா எழுதிய மொய் நோட்டு. முதல் நோட்டை நான் ஒவ்வொரு தை மாதமும் புதிதாகத் தொடங்குவேன். மாசி பிறந்து பத்துப் பதினைந்து நாளில் அது நின்றுவிடும். இரண்டாவது நோட்டு இத்தனை வருடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. முனையில் மஞ்சள் கறை, நடுவில் எண்ணெய்க் கறை, கடைசிப் பக்கங்களில் என் மனைவியின் கையெழுத்து. எங்கள் வீட்டின் உண்மையான கணக்கு அதுதான் என்று எனக்கு விளங்க நாற்பத்தேழு வயதாகிவிட்டது.

இதில் வெட்கப்பட ஒரு விஷயம் உண்டு. பிழைப்புக்கு நான் செய்வது கணக்கு எழுதும் வேலை. பாலவனத்தத்தில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் போய்க் கணக்கு எழுதிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வருகிறவன். மில் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி ஒன்பது மணியானாலும் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டுத்தான் எழுவேன். வீட்டுக் கணக்கில் மாதம் ஆறாயிரம், ஏழாயிரம் இடிக்கும். அதற்கு ‘இதர செலவு’ என்று பேர் வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். நல்ல தூக்கமும் வரும்.

2025 தை மாதம் இந்த முறை விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். கடன்களை முதலில் வரிசையாக எழுதினேன். வீட்டுக்கடன் தவணை மாதம் 7,200. செவ்வாய்க்கிழமைக் குழுவுக்கு வாரம் 1,150. மச்சானிடம் கைமாத்தாக வாங்கிய 40,000. கைமாத்துக்கு வட்டி கிடையாது என்பது மற்ற ஊர் வழக்கம், என் மச்சானுக்கு நூற்றுக்கு ரெண்டு. இதுபோக வங்கியில் தூங்கும் நகை. கீழே கோடு போட்டு, அரிசி, பால், கரண்டு, கேஸ் என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசி வரியில் ‘எதிர்பாராத செலவு: 500’ என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டேன்.

அன்று சாயங்காலமே தங்கச்சியும் மாப்பிள்ளையும் வெத்தலை பாக்குத் தட்டோடு வந்து நின்றார்கள். மாசி சிவராத்திரிக்கு அவர்கள் குலசாமி கோயிலில் சின்னவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறார்களாம். தாய்மாமன் நான் ஒருத்தன்தான் பக்கத்தில் இருக்கிறேன், தம்பி சவூதியில்.

அவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு, “பாத்தியா, மொத மாசமே எதிர்பாராத செலவு” என்றேன்.

என் மனைவி தட்டிலிருந்த வாழைப்பழத்தை எண்ணிக்கொண்டே கேட்டாள்: “இதுல எதிர்பாக்காதது எதுங்க? பிள்ளை பிறந்தன்னைக்கு நாமதான ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாத்தோம். காது ரெண்டும் பிறக்கும்போதே இருந்துச்சுல்ல?”

பதில் சொல்ல முடியவில்லை. பையனுக்கு மூன்று வயது. மூன்று வருடமாக அவன் காதுகள் என் கண் முன்னால்தான் வளர்ந்திருக்கின்றன. மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தால் இன்றைக்கு 36,000 கையில் இருந்திருக்கும். சீர்ச் செலவு கிட்டத்தட்ட அதே தொகையில்தான் வந்து நின்றது: கம்மல், தங்கச்சிக்குப் பட்டு, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, பையனுக்குக் கோட்டு சூட்டு, இருபத்தொரு தட்டு, ஒரு கெடா, சீர் கொண்டுபோக வேன். கொட்டு முழங்கப் போய் இறங்கினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. பிள்ளை வீறிட்டு அழுவான். சுற்றி நிற்கிறவர்கள் பிள்ளை மட்டும்தான் அழுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மாசி 14, சிவராத்திரி. என் நோட்டு அன்றோடு நின்றது.

இந்த மண்ணில் வரவுதான் எதிர்பாராதது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா பேரில் ஒன்றரைக் குறுக்கம் கரிசல் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மக்காச்சோளம், பாசிப்பயறு; பிடிக்காவிட்டால் வேலி மரம். மூன்று வருடத்துக்கு ஒருதரம் மூட்டக்காரர் வந்து மரத்தை வெட்டிக் கரி போட்டு, ஏதோ ஒரு தொகையைக் கையில் வைத்துவிட்டுப் போவார். அவர் எப்போது வருவார், எவ்வளவு தருவார் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இருக்காது. செலவுக்கோ பஞ்சாங்கமே உண்டு. மாசியில் சிவராத்திரி, பங்குனிப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி, சித்திரை வைகாசியில் கல்யாணம், ஆனியில் பள்ளிக்கூடம், ஆடி கடைசி வெள்ளி இருக்கன்குடிக் கோயில், ஆவணியில் மறுபடி கல்யாணம், ஐப்பசியில் தீபாவளி. நிமிடம் தப்பாமல் வருகிறவர்களை எதிர்பாராத விருந்தாளி என்று சொல்லி, ஒவ்வொரு தரமும் நடு வாசலில் நின்று திகைத்துப் போவது நான் ஒருவன்தான்.

ஓய்வுபெற்ற தமிழய்யா ஒருவர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவார். அவரிடம் புலம்பினேன். வள்ளுவர் 478-வது குறளிலேயே வழி சொல்லிவிட்டாரே என்றார். வரத்து சிறுத்திருந்தாலும் பரவாயில்லை, வெளியே போகிற வழி அதைவிட அகலாமல் பார்த்துக்கொள் என்பதுதான் அதன் சாரம். நல்ல வார்த்தைதான். ஆனால் வரத்துக்கால் முழுக்க வேலி மரம் மண்டி, மடைப்பலகை மட்டும் உளுத்துப்போன கண்மாயை வள்ளுவர் பார்த்திருப்பாரா என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அய்யாவுக்கு எங்கள் ஊர் மேல் தனி மரியாதை. காரணம் பாண்டித்துரைத் தேவர். பாலவனத்தம் ஜமீன்தார், 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியவர். மதுரைக்குப் போன இடத்தில் கூட்டத்தில் பேசுவதற்குத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டாராம், மதுரையில் ஒரு பிரதி கிடைக்கவில்லையாம், அந்த வருத்தத்தில்தான் சங்கம் பிறந்தது என்பார்கள். ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் குறளையே ‘திருத்தி’ அச்சுப் போட்டிருந்ததாகவும், தேவர் மிச்சமிருந்த பிரதிகளை எல்லாம் காசு கொடுத்து வாங்கித் தீயில் போட்டதாகவும் இன்னொரு கதை உண்டு. அய்யா இதைச் சொல்லும்போது கண்ணில் நீர் நிற்கும். எனக்கு வேறு யோசனை ஓடும். ஜமீன் கணக்கப்பிள்ளை அன்றைக்கு அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதியிருப்பார்? புத்தகம் வாங்கிய வகை என்றா, விறகு வகை என்றா? அதோடும் முடியவில்லை. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது அதற்குத் தலைவராக இருந்தவரும் இவர்தான். எங்கள் ஊரில் கடல் கிடையாது. வருடத்தில் பாதி நாள் கண்மாயிலேயே தண்ணீர் கிடையாது. இருந்தும் எங்கள் ஊர்க்காரர் கப்பல் கம்பெனிக்குத் தலைவர். வரவைப் பார்த்துச் செலவு செய்வது இந்த ஊர்த் தண்ணீரிலேயே இல்லை என்று நான் சொன்னால், “அவுக தமிழுக்குச் செலவழிச்சாக, நீங்க கெடாவுக்குச் செலவழிச்சீக” என்பார் அய்யா.

சரி, நகைக்கு வருகிறேன். இதைச் சொன்னால் என் மனைவி இன்றைக்கும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

2020-ல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நகையை அடகு வைத்திருந்தோம். சங்கிலியும் வளையலும் சேர்த்து 39 கிராம். அந்தத் தீபாவளிக்குக் கையில் காசில்லை. வழக்கம்போல அதுவும் எதிர்பாராத தீபாவளி. என் கல்யாண மோதிரம், இரண்டு கிராம், அதையும் கொண்டுபோய்ச் சேர்த்து வைத்து, வந்த பணத்தில் துணி, வெடி, முறுக்கு எல்லாம் ஆயிற்று. மறு வருடம் செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது: கூட்டுறவு நகைக்கடன், ஐந்து பவுன் வரை தள்ளுபடி. ஐந்து பவுன் என்றால் 40 கிராம். தெருவே கொண்டாடியது. நானும் ஒரு கிலோ சேவு வாங்கிக்கொண்டு வந்தேன். பிறகுதான் விவரம் வந்தது. மொத்தம் 40 கிராமுக்கு மேல் போனால் 40 வரைக்கும்கூடக் கிடையாது. முழுசாகத் தள்ளிவிடுவார்கள், கடனை அல்ல, நம்மை. எங்களுடையது 41. ஆறாயிரம் ரூபாய்த் தீபாவளிக்காக ஒரு லட்சத்துச் சொச்சம் தள்ளுபடியை விட்டவன் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு. மில்லில் கணக்கு எழுதுகிறவர் என்று யாராவது என்னை அறிமுகம் செய்தால் பக்கத்தில் ஒருவர் இருமுவார்.

காதுகுத்து முடிந்து வந்த வாரம், மனைவியின் பழைய தினசரி காலண்டர் தாள்களை எடுத்து உட்கார்ந்தேன். அவள் பால் கணக்கிலிருந்து துக்க வீட்டுச் செலவு வரை அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதுவாள். 2024-ல் நான் ‘இதர செலவு’ என்று புதைத்ததை எல்லாம் தோண்டி எடுத்தேன். மொய் மட்டும் பதினேழு. துக்க வீட்டுக் கோடித்துணி மூன்று. இரண்டு காய்ச்சல், ஒரு கண்ணாடி, வண்டி இன்சூரன்ஸ், வீட்டு வரி, கோயில் வரி, பள்ளிக்கூடம், தீபாவளி. கூட்டினால் 1,08,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,000.

மில்லில் இதை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறோம். போனஸ் வருடத்துக்கு ஒருமுறைதான், ஆனால் மாதா மாதம் ஒதுக்கி வைப்போம். கடனை அடைக்கவோ தேய்ந்துபோன மெஷினை மாற்றவோ தனியாகச் சேர்க்கும் பணத்துக்கு வணிகவியல் புத்தகத்தில் ‘மூழ்கும் நிதி’ என்று பேர் படித்தேன். படிக்கிற காலத்தில் ஏன் இந்தப் பேர் என்று புரியவில்லை. இப்போது புரிகிறது. சம்பளம் 24,000. கடனுக்குப் போவது 12,600. மூழ்கும் நிதிக்கு 9,000. மிச்சம் 2,400. வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 ரூபாய். ஒரு டீயும் வடையும் வராது. முன்பெல்லாம் தெரியாமல் மூழ்கிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்ட பிறகு எந்தத் தேதியில் எத்தனை அடி ஆழத்தில் இருப்பேன் என்று சுத்தமாகத் தெரிந்துவிட்டது.

ராத்திரி சோறு போடும்போது மனைவியிடம் வால்போல் கதையைச் சொன்னேன். பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு நம்மைப் போலவே தலைக்கு மேல் கடன். ராபர்ட் வால்போல் என்ற மந்திரி போட்ட திட்டப்படி 1717-ல் கடனடைக்க என்று தனி நிதி ஒன்றை உண்டாக்கினார்கள். வேறு எதற்கும் கைவைக்கக் கூடாது என்பதுதான் திட்டமே. 1733-ல் நிலவரியை ஏற்றினால் பெரிய மனிதர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று, அதிலிருந்து ஐந்து லட்சம் பவுண்டை எடுத்தார். எடுத்தவர் யார்? அதே வால்போல்.

அவள் ரசத்தை ஊற்றிவிட்டு, “ஆம்பளைக உண்டியல் வச்சா அப்படித்தான்” என்று சொல்லி, அடுப்படி மேல் அலமாரியைக் காட்டினாள்.

பதினான்கு வருடமாக அந்த அலமாரிக்குக் கீழேதான் சாப்பிட்டு வருகிறேன். உளுந்து டப்பா பள்ளிக்கூடத்துக்காம். மல்லி டப்பா மொய்க்கு. ரவை டப்பா ஆஸ்பத்திரிக்கு. மேலாக ஒரு கை தானியம், அடியில் பாலித்தீன் பையில் பணம். வீட்டுச் செலவுக்கு நான் கொடுப்பதில் நூறும் ஐம்பதுமாகக் கிள்ளிச் சேர்த்தது. டப்பாக்களுக்குள் கொடுக்கல் வாங்கலும் உண்டு. பஸ் டிக்கெட்டின் பின்னால் ‘ரவை உளுந்துக்கு 600 தரணும்’ என்று எழுதி உள்ளே போட்டிருந்தாள். எங்கள் மில் ஆடிட்டர் பார்த்தால் காலில் விழுந்திருப்பார். எல்லாம் சேர்த்து 14,200 இருந்தது. “இது தெரிஞ்சா நீங்க தூங்க மாட்டீகன்னுதான் சொல்லலை” என்றாள்.

உண்மை. நான் அன்று தூங்கவில்லை.

அக்கினி நட்சத்திரத்தில் போர் மோட்டார் நின்றது. காயில் கருகிவிட்டது. வந்து பார்த்தவர் கயிறு விட்டுப் பார்த்துவிட்டு, “தண்ணி கீழ போயிருச்சுண்ணே, ரெண்டு லெங்த் இறக்கணும்” என்றார். ஒரு லெங்த் இருபது அடி. மனைவி குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருக்க முடியுமா? மூன்று டப்பாவையும் இறக்கி 9,400 எடுத்துக் கொடுத்தேன். நாட்டு நலன் கருதி எடுத்த முடிவு. அவள் வந்தாள், பார்த்தாள், சண்டை போடவில்லை. ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து எழுதி ரவை டப்பாவுக்குள் போட்டாள். மறுநாள் எடுத்துப் பார்த்தேன்: ‘வால்போல் 9,400 தரணும்.’

இந்த நிலையில்தான் மொய் நோட்டு எனக்குச் சொத்தாகத் தெரிய ஆரம்பித்தது. கணக்குக்காரன் புத்தி. நாங்கள் வாங்கியது ஒரு பக்கம், திருப்பிச் செய்தது ஒரு பக்கம், புதிதாகச் செய்து இன்னும் திரும்பி வராதது ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தை மட்டும் கூட்டினேன். 1,86,000 ரூபாய்! வட்டியில்லாமல் ஊர் முழுக்க எங்கள் பணம் நிற்கிறது. வாங்க வேண்டுமானால் ஒரு விசேஷம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசியாக வைத்தது 2011-ல் வீடு பால் காய்ச்சியபோது. மகள் ஒன்பதாவது படிக்கிறாள், மகன் ஏழாவது. அவனுக்குக் காது, விசேஷம் வைக்காமலே, எப்போதோ குத்தியாகிவிட்டது. மாடியில் ஒரு அறை எடுத்துக் கிரகப்பிரவேசம் வைக்கலாமா என்றேன். “அறைக்கு நாலு லட்சம், சோத்துக்கு ஒன்னரை லட்சம், எதுக்கு? ஒன்னே முக்கால் லட்சம் வாங்கவா?” என்றாள். புதுக்கோட்டைப் பக்கம் வடகாடு, கீரமங்கலம், பேராவூரணி ஊர்களில் இந்தத் தொல்லையே கிடையாது. காதும் வேண்டாம், வீடும் வேண்டாம், ஆடி மாதம் கறிச்சோறு போட்டு ‘மொய் விருந்து’ என்றே பத்திரிகை அடித்துப் பணத்தை வசூல் செய்துகொள்கிறார்கள். எங்கள் பக்கம் இன்னும் அந்த அளவுக்கு நாகரிகம் வளரவில்லை. காரணம் கேட்பார்கள்.

ஐப்பசியில் நகைத் தவணை வந்தது. கூட்டுறவுச் சங்கத்திலிருந்து மீட்டு ஒரு வங்கிக்கு மாற்றியிருந்தோம். கடன் 1,40,000, வட்டி 13,000. முன்பு போல வட்டியை மட்டும் கட்டிவிட்டுத் திருப்பி வைக்க முடியாது, முதலோடு கட்டி நகையைக் கையில் வாங்கி, அப்புறம்தான் மறுபடி வைக்க வேண்டும் என்றார்கள். அந்த முதலை இரவல் தருவதற்கென்றே மஞ்சள் பையோடு ஒருவர் வங்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அரை நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. கடனை அடைக்கக் கடன் வாங்கி, அந்தக் கடனை அடைக்க அதே கடனை வாங்க வேண்டும். தங்கம் விலை ஏறிக் கிடந்ததால், “கூடவே ஐம்பதாயிரம் வாங்கிக்கலாமே சார்” என்று உள்ளே ஆசையும் காட்டினார்கள். பெட்டகத்தில் படுத்துக்கொண்டே என் மனைவியின் வளையல் என்னைவிட அதிகம் சம்பாதித்திருந்தது. கூடுதலாக ஒரு ரூபாய் வாங்கக் கூடாது என்று மனைவி காலையிலேயே சத்தியம் வாங்கிவிட்டாள். அப்படியானால் வட்டிக்கு 13,000, மஞ்சள் பைக்கு 1,500 கையிலிருந்து போக வேண்டும். ஆனி, ஆவணிச் செலவுகளும் போக டப்பாக்களில் எஞ்சியது தானியம்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தது. அவிழ்த்தால் உள்ளே ஐந்தாறு முடிச்சுகள்.

“இது கொட்டுக்காரவுகளுக்கு. இது பந்தலுக்கு. இது தேருக்கு. இது குழி வெட்டுறவுகளுக்கு. இது ஐஸ் பெட்டிக்கு, ரெண்டு நாளைக்கு. ஓந் தம்பி சவூதியில இருந்து வரணும்ல. இது பதினாறுக்கு.”

மொத்தம் 21,000. நூறு நாள் வேலையில் வந்த கூலியில் சேர்த்தது. “எப்பவோ சேத்ததும்மா, இப்ப ஐஸ் பெட்டி வாடகையெல்லாம் ஏறிப் போச்சு” என்று நான் மெல்லச் சொன்னேன். “அதான் வருசா வருசம் தை மாசம் விலை விசாரிச்சுக் கூட வச்சிருவேன்” என்றது அம்மா. நான் புது நோட்டுப் போடும் அதே தை மாதம்.

எங்கள் வீட்டில் தேதி தெரியாத ஒரே செலவு அதுதான். முழுப் பணமும் ஒதுக்கி வைத்திருந்த ஒரே செலவும் அதுதான்.

“வட்டியெல்லாம் வேண்டாம்யா” என்றது அம்மா, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே. “ஆனா நாஞ் சாகுறதுக்குள்ள திரும்ப வச்சிரணும். பெறகு மொய்யில எடுத்துக்கிறலாம்னு இருந்துராத. எஞ் சாவுக்குக் கோடிதான் வரும், ரொக்கம் வராது. தேதி மட்டும் எங்கிட்டக் கேக்காத.”

நகையை மீட்டு, அன்றே திருப்பி வைத்தாயிற்று. நோட்டில் புதிதாக ஒரு கடன் ஏறியிருக்கிறது: அம்மா, 14,500. தவணைத் தேதி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருக்கிறேன்.

காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகத் திண்ணைக்குப் போகிறேன். அம்மாவுக்கு ராத்திரி இருமல் இருந்ததா, மூட்டுவலி எப்படி, கஞ்சி இறங்கியதா என்று விசாரிக்கிறேன். கார்த்திகை வாடைக்குக் காதில் கட்டிக்கொள்ளத் துண்டு வாங்கிக் கொடுத்தேன். தைலம் வாங்கி வைத்தேன். இந்த வயதில் இப்படி ஒரு மகனா என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அம்மாவும் ஒவ்வொரு நாளும் சிரித்துக்கொண்டே சொல்கிறது:

“நல்லாத்தான்யா இருக்கேன். நீ எவ்வளவு சேத்திருக்க?”